ரிப்பன் வெட்டும் வரை

செப்டம்பர் 9

முட்டி வலி உயிர் போகிறது. இன்றும் மேடேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழங்குடிக் குடும்பங்களுக்காக எங்கள் துறை கட்டிய பன்னிரண்டு வீடுகளும் முடிந்துவிட்டன. கூரை, கதவு, கழிவறை, கரண்ட், எல்லாம் ஆயிற்று. பூட்டும் போட்டாயிற்று. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டும் வரை யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாதாம். சாவிக்கொத்தை நான் சுமந்துகொண்டு திரிகிறேன். அவர்களோ எதிர்ப்பக்கம், ஒரு மண்மேட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் விரிப்புக் குடிசைகளில் உட்கார்ந்து தங்கள் வீட்டையே வேடிக்கை பார்க்கிறார்கள். என்ன பிழைப்பு இது?

செப்டம்பர் 12

விழாத் தேதியைக் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார் மேலதிகாரி. அவர் வாயில் வேறு வார்த்தை வராது. ஆபீசில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம்'தான்.

செப்டம்பர் 13

"ஊருக்கெல்லாம் வீடு கட்டுற. நம்ம அடுப்படி ஒழுகுதே, அதுக்கு எந்த அமைச்சர் வரணும்?" என்றார் வீட்டுக்காரர். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

செப்டம்பர் 18

நல்ல மழை. கடைசிக் குடிசைக்காரிக்கு நிறைமாசம். அவள் குடிசைக்குப் பின்னால் அந்த மண்மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, என் கை உள்ளே போகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, அந்த வீடு எங்களுக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்."

"அப்போ ஏன் பூட்டியிருக்கு?"

நான் என்ன சொன்னேன்? "பார்க்கலாம்மா" என்றேன். என் வாயால் நானே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

செப்டம்பர் 20

வெடிப்பைப் பற்றி மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். "மழை நிக்கட்டும்மா. இப்பவே ஆள் குடியேறினா சுவரெல்லாம் அழுக்காயிடும், போட்டோ நல்லா வராது. சாவி உன் பொறுப்புல இருக்கு, பார்த்துக்கோ." சரி என்று போனை வைத்தேன். பையன் படிப்பு முடிய வேண்டுமே. வேலை போனால் என்ன செய்வது? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம்.

செப்டம்பர் 21

மழை விடவில்லை.

செப்டம்பர் 22

திறந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

காலையிலேயே குடிசைகளுக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டிலிருந்து மண் கட்டி கட்டியாக விழ ஆரம்பித்துவிட்டது. "மேடம், உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்கிறீங்க" என்றார் கூட வந்த கொத்தனார். "தெரியும். நீங்க அந்தப் பானையைத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். பாய், சட்டி, கோழி, நாய் என்று எல்லாம் புது வீடுகளுக்கு ஏறின. கடைசிக் குடிசைக்காரி மட்டும் புது வீட்டு வாசலில் நின்றுவிட்டாள். "சாவியை என் கையில குடுங்க. நானே திறக்கிறேன்." கொடுத்தேன். அவளே திறந்தாள்.

சாயங்காலம் அந்த மண்மேடு குடிசைகள் மேல் சரிந்து இறங்கிவிட்டது. அவள் குடிசை இருந்த இடத்தில் நீல விரிப்பின் ஓரம் மட்டும் வெளியே தெரிகிறது.

செப்டம்பர் 25

விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. 'பார்க்கலாம்' இந்த முறை நேராக உத்தரவே போட்டார். "விழா அன்னிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பு. வெள்ளையடிச்சுப் பூட்டு. அமைச்சர் கையால சாவி வாங்கிட்டு, புதுசா உள்ள போற மாதிரி போகட்டும்." போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் 29

அவளுக்குப் பெண் குழந்தை. அந்த வீட்டிலேயே. அப்பாடா.

அக்டோபர் 6

மாற்றல் உத்தரவு காலையிலேயே கைக்கு வந்தது. எங்கேயோ ஒரு மூலைக்குத் தூக்கியடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். இருந்தாலும் விழாவுக்குப் போனேன், ஓரமாக நின்றேன்.

ஒருத்தரும் வெளியே வந்திருக்கவில்லை. வெள்ளையும் அடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவள் வீட்டு வாசலிலேயே ரிப்பனைக் கட்டிவிட்டார்கள். அமைச்சர் வெட்டினார், கைதட்டினார்கள், காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்தாள்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வாங்கய்யா. இப்பத்தான் தரை துடைச்சேன்."

'பார்க்கலாம்' என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அமைச்சர் ஷூ போட்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.