எஞ்சின் வெடிப்பில் நீங்கள் பூசிய புட்டி

என் அன்புக்கும், இப்போது என் கோபத்துக்கும் உரிய அத்தான்,

கொட்டாஞ்சேனை வீட்டை விடுகிறோம். வெள்ளவத்தையில் மகளோடு போய் இருக்க அக்கா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். பின்முற்றத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த உங்கள் கை டிராக்டரை என்ன செய்வது என்று கேட்டேன். "திருத்தி ஆராவது நல்ல ஆளுக்குக் குடு தம்பி. பழைய இரும்புக்காரனுக்கு மட்டும் போடாதை" என்றார். துறைமுக வேலைத்தளத்தில் ஃபிட்டராக இருந்து தலை நரைத்தவனுக்கு அது பெரிய வேலையா? ஓம் என்றேன்.

தார்ப்பாயை இழுத்த அன்றே மனசுக்குள் ஏதோ இடித்தது. ஒருகொடவத்தைப் பழைய இரும்பு யார்டுகளில் கழித்துப் போட்ட மெசின்களை வாங்கி, திருத்தி, விற்று ஓய்வுக்காலத்தை ஓட்டியவர் நீங்கள். எதையும் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றத்தில் வைத்திருந்ததில்லை. இதை மட்டும் ஏன் வருஷக் கணக்காக மழையில் விட்டீர்கள்? டயர் இரண்டும் பிளந்து போயிருந்தன. பிடிக்கிற தண்டுகளில் துரு. எயார் ஃபில்டருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஆனால் கியர்ப் பெட்டியைத் திறந்தால் பற்கள் புதுசு போல மினுங்கின. நல்ல மெசினை இப்படிச் சாக விடுகிற ஆளா நீங்கள்?

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷுமாக எஞ்சினைக் கழுவிக்கொண்டு வரும்போது பிடிபட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு நீலப் பெயின்ட் மட்டும் கொஞ்சம் கடும் நிறமாக இருந்தது. சுரண்டினேன். புட்டி. ஓட்டை அடைக்கிற அந்தப் பசைக்குக் கீழே விரல் நீளத்துக்கு வெடிப்பு. எண்ணெயைத் திறந்துவிட்டேன், பால் தேத்தண்ணி நிறத்தில் வழிந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி எண்ணெயோடு கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சின் கொஞ்ச நாள் ஓடும், பிறகு இறுகி நின்றுவிடும். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா?

உங்கள் செத்தவீட்டில் எழும்பி நின்று, "அத்தான் ஒரு மெசினின் குறையை மறைத்து விற்றதில்லை" என்று சொன்னவன் நான். சனம் தலையாட்டியது. அதனால் முதலில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், உங்களைத் தவிர. உங்களுக்கு விற்ற யார்டுக்காரனாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு, நீங்கள் வெல்டிங் வேலை எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிற மாளிகாவத்தை நவாஸ் நானாதான் உங்களை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். சுரண்டிய புட்டியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு அவரிடமே போனேன்.

"நானா, இது உங்கட வேலையோ?"

அவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சரி, ஆள் அகப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"நான் பூசியிருந்தா நீங்க கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க" என்றார். "இது உங்கட அத்தான்ட வேலை. வெல்ட் பண்ணித் தாங்கண்டு இங்க கொண்டாந்தாரு. வார்ப்பிரும்பு, பிடிக்காது, எஞ்சின் புளொக்கையே மாத்துங்கண்டு சொன்னேன். எடுத்துட்டுப் போயிட்டாரு."

"பிறகு?"

"பிறகு என்ன? அஞ்சாறு மாசத்தால வவுனியா ஆள் ஒருத்தர் லொறியோட வந்தாரு. இந்த மெசினை வித்தவர்ட வீடு எங்கண்டு கேட்டாரு. நடு வயல்ல நிண்டு போச்சாம். வழியைக் காட்டினேன். அதுக்குப் பிறகு உங்கட அத்தான் இந்தப் பக்கமே வரல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போதும் நம்பவில்லை. நானா தன்னைக் காப்பாற்றக் கதை கட்டுகிறார் என்றே நினைத்தேன். வீட்டில் அக்கா அலுமாரியில் இருந்த கோப்பைகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். நேராகக் கேட்டேன்.

அக்கா சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஓம், ஒரு மனுசன் வந்தவர். லொறியால இறக்கிப்போட்டு முற்றத்தில நிண்டவர். அத்தான் காசோட வெளிய போனார். குடுத்த சல்லியைத் திருப்பிக் குடுத்திட்டு, உள்ள வந்து அவருக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். அந்த மனுசன் அதைத் தொடாமலே போயிட்டுது. ஆறிப்போன தேத்தண்ணியை அத்தான்தான் குடிச்சார்."

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்ல?"

"நீ கேட்டனியோ? செத்தவீட்டில நீ அப்பிடிக் கதைக்கேக்க, நான் எழும்பி இல்லையெண்டு சொல்லவோ?"

அத்தான், புட்டி தாங்கும் என்று நம்பித்தான் பூசினீர்களா? தாங்காது என்று தெரிந்தே பூசினீர்களா? அந்த மனிதர் லொறியில் கொண்டுவந்து இறக்கியிராவிட்டால் சும்மா இருந்திருப்பீர்களா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் கடையில் ஒரு டின் புட்டி வாங்கி, அந்த வெடிப்பில் நானும் பூசிப் பார்த்தேன். உரசி, பெயின்டும் அடித்தேன். உங்களைவிட எனக்குக் கை திறம். இடம் தெரியவே இல்லை. எண்ணெயை மாற்றியதும் எஞ்சினும் அருமையாக ஸ்டார்ட் ஆனது. வாங்க ஒரு ஆள் வருவதாக இருந்தது. அரை நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மத்தியானத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.

வந்தவர் கற்பிட்டியில் வெங்காயம் பயிர்செய்கிற ரெஜினா. வந்தவுடனேயே வெடிப்பைக் காட்டினேன். நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"ஏன் இதைச் சொல்லுறீங்கள்?"

"உண்மையைச் சொல்லோணும்தானே."

"விக்கிற ஆள் தானா ஒரு பிழையைச் சொன்னா, அதைவிடப் பெரிய பிழை ஒண்டு உள்ளுக்க இருக்கு. மற்றதையும் கழட்டுங்கோ, பாப்பம்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுவா? ஆனாலும் கழட்டினேன். கிளச், கியர்ப் பெட்டி, அச்சு என்று ஒவ்வொன்றாகக் கழட்டி வைக்க, அவர் முழங்காலூன்றி விரலால் தடவித் தடவிப் பார்த்தார். என் கையில் இருந்த டோர்ச்சையும் பறித்துக்கொண்டார். பின்னேரம் அக்கா கொண்டுவந்த தேத்தண்ணியைக்கூட, எல்லாம் பார்த்து முடிந்த பிறகுதான் குடித்தார்.

"எஞ்சின் எனக்கு வேண்டாம்" என்றார் கடைசியில். "என்னட்ட ஒரு நல்ல எஞ்சின் கிடக்கு. அதின்ர உடம்பை உப்புக்காத்துத் திண்டிட்டுது. உங்கட மெசின்ர உடம்பைத் தாங்கோ."

போன சனிக்கிழமை லொறியில் ஏற்றி அனுப்பினோம். நேற்று ரெஜினா போன் எடுத்தார். மெசின் வெங்காயப் பாத்தியில் ஓடுகிறது, கியர் வெண்ணெய் போல விழுகிறது என்றார். உடனேயே, "நீங்கள் சொல்லாத ஏதும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்கோ" என்றும் கேட்டார். சிரித்துவிட்டேன்.

வெடித்த எஞ்சினை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால் இன்னொருவன் புட்டி வாங்குவான். பெரிய சுத்தியலால் முற்றத்திலேயே அதை உடைத்தேன். அக்கா கதவடியில் நின்று பார்த்தார்.

சந்தேகம் மட்டும் உடையவில்லை, அத்தான். நீங்கள் விற்ற மற்ற மெசின்களில் இரண்டு எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஒன்று வத்தளையில் ஒரு கீரைத் தோட்டத்தில். மற்றது கொலன்னாவையில் ஒருவரிடம். இந்தக் கிழமை ஸ்பேனர்ப் பெட்டியோடு இரண்டு இடத்துக்கும் போகப் போகிறேன். புட்டி இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, நானே திருத்திக் கொடுப்பேன். இல்லாவிட்டால் அங்கேயே தொப்பியைக் கழட்டி உங்களிடம் மன்னிப்புக் கேட்பேன். எது என்றாலும் கல்லறைக்கு வந்து உங்களுக்கு மறைக்காமல் சொல்லுவேன். இது சத்தியம்.

உங்களை நம்பவும் முடியாமல், விடவும் முடியாமல் இருக்கும்
உங்கள் மச்சான்,
செல்வம்