கண்டென்சர் மைக்குல வச்ச சந்தனம்

மச்சான் கோயிந்தா, எப்படி இருக்கே? அங்கயாச்சும் தொண்டை நோவாம ஒரு வாய் கஞ்சி எறங்குதா? கேட்டா தலைய மட்டும் ஆட்டுவே, தெரியும். கடைசி ரெண்டு மாசம் அதானே உன் பேச்சு.

இன்னைக்கு உனக்கு மொத தெவசம். உன் சம்சாரம், என் தங்கச்சி பார்வதி, காலையிலேருந்து அடுப்படியில நிக்கிறா. உனக்கு நண்டு வைக்கணும்னு சொன்னா. மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு கடலோரம் செர்காம் வரைக்கும் போனேன். ராத்திரி பூரா மழை, கடலுக்கு யாரும் போகலியாம். கெடைச்சது சின்ன சின்னதா நாலு. மன்னிச்சுக்க.

பேப்பர்ல உன் படம் போட்டு கீழ நாலு வரி போடலாம்னு உன் மக மல்லிகாவோட புருஷன், மாப்ள சொன்னாரு. நான் சொல்ல வேண்டியது நாலு வரியில அடங்காது மச்சான். ஊரே கேக்கணும். அதான் நானே எழுதி அனுப்பலாம்னு உக்காந்தேன். மூணாவது வரைக்கும் படிச்சவன் எழுத்து, தப்பு தண்டா இருக்கும்.

தொண்டையில இருக்கறது கெட்ட கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நீ என்ன சொன்னே? அழுவேன்னு பாத்தேன், அழல. "ஆப்ரேசன் பண்ணா கொரல் போயிடுமாம். மூணு வாரம் இருக்கு. மல்லிகா வயித்துல இருக்கற புள்ளைக்கு ஒரு தாலாட்டு புடிச்சு வச்சிடு மச்சான். உங்கிட்டதான் மைக் செட் இருக்கே"ன்ன.

மைக் செட் இருந்துச்சு. புலாவ் செபாங்லேருந்து சுங்கை ரம்பாய் வரைக்கும் எந்த திருவிழாவுக்கு நான் ஸ்பீக்கர் கட்டல? ஒரு தடவ பூசாரி பேசிக்கிட்டு இருக்கும்போதே ஆடு வயர தின்னுடுச்சு, அந்த ஆட்ட பத்தி ஆரம்பிச்சா பொழுது போயிடும். ஆனா கோயில் மைக்கு கூப்பாடு போடறதுக்குத்தான் ஆகும். நீ தாலாட்டு பாடறது பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி. அது அந்த மைக்குல ஏறவே இல்ல.

மலாக்கா டவுன்ல பாட்டு சாமான் விக்கிற கடைக்கு போனோமே, ஞாபகம் இருக்கா? கடை மொதலாளி, சீன தவுக்கே, மூணு மைக்க எடுத்து வச்சான். மூணும் கண்டென்சர், மூச்ச கூட புடிக்கும்னான். ஒண்ணு பென்சில் மாதிரி, உள்ள பேட்டரி போட்டா போதும், வெல கம்மி. கொரல் ஒல்லியா வந்துச்சு, பின்னால ஸ்ஸ்ஸுன்னு எரைச்சல். இன்னொண்ணு ஐரோப்பா சாமான். ரிங்கிட் மதிப்பு விழுந்த வருஷம் வேற, வெலைய கேட்டதும் சுடுசட்டிய தொட்ட மாதிரி கைய எடுத்தே.

மூணாவது யாரோ பாட்டுக்காரன் வித்துட்டு போன பழசு. உருண்ட தலை, வலைக்குள்ள தங்க நெறத்துல தட்டையா ஒரு தகடு. அதுக்கு பேட்டரி பத்தாது, தனியா ஒரு கரண்டு பொட்டி வேணும். பொட்டியோட சேத்து கொறச்சு குடுத்தான். நீ முன்னால நின்னு 'ஆராரோ'ன்னு மூச்சு விடற மாதிரி சொன்னே. நான் ஹெட்போன்ல கேட்டேன். என் காதுக்குள்ள வந்து உக்காந்துட்டே மச்சான். அப்பவே இதான்னு முடிவு பண்ணிட்டேன்.

"இனி தாக்குட் ஆயேர் லா"ன்னான் தவுக்கே. தண்ணின்னா இதுக்கு பயம், தூசியும் ஆவாது, அந்த தகடு தலமுடிய விட மெல்லிசுன்னு மலாய்ல விரல வச்சு காட்டினான். நான் சரி சரின்னேன். மழையில நனைஞ்ச மைக்க வேட்டியில தொடச்சு பாட விட்டவன் நான். எனக்கு சொல்லி தர்றானாம்.

பின்னால ரூம்ல சுவரு பூரா முட்டை அட்ட ஒட்டினேன், சன்னல்ல மெத்தைய சாத்தினேன். அதோட விட்டேனா? நம்மாளுங்க புது சாமான சும்மா தொடுவோமா? லோரி வந்தாலும் பூசை, தையல் மிஷின் வந்தாலும் பூசை. மைக்க கொண்டு போயி முனியாண்டி முன்னால வச்சேன். மஞ்ச தண்ணி தெளிச்சேன். சந்தனத்த தண்ணியா கொழச்சு அந்த வலை மேல மூணு பொட்டு வச்சேன், குங்குமம் வச்சேன். திருநீற உள்ளங்கையில அள்ளி மேல ஊதினேன். உனக்காகத்தான் மச்சான், ஒரு கொறையும் வரக்கூடாதுன்னு.

நீ பக்கத்துல நின்னு, "அப்படியே மொட்ட அடிச்சு காதையும் குத்திடு மச்சான். பேரு நான் வைக்கிறேன்"ன்ன. சிரிச்சே, சிரிப்பு இருமல்ல போய் முடிஞ்சுது.

மறுநாள் பாடினே. பக்கத்து தண்டவாளத்துல ரயில் போற நேரமா பாத்து நிறுத்தி நிறுத்தி, நீயே கட்டின பாட்டு. ஹெட்போன்லயே எனக்கு கேட்டுச்சு, கொரல் அமுங்கி, கடுகு பொரியற மாதிரி சத்தம். தொண்டைதான்னு நெனச்சேன். டேப்ப போட்டு காட்டினதும் உன் மூஞ்சி செத்து போச்சு.

"இதா என் கொரலு?"

"ஒடம்பு சரியில்லாததுதான் மச்சான்..."

"தகரத்த கல்லுல தேய்க்கிற மாதிரி இருக்கு. இத கேட்டா புள்ள தூங்குமா? வீல்னு கத்தும். அழிச்சிடு."

"இருக்கட்டும் லா, மச்சான்."

"அழிடான்னா!"

நான் அழிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தே. அதுக்கப்புறம் நீ பாடவே இல்ல. கோயில்ல கூப்பிட்டாங்க, போகல. கோயிந்தன் கொரல் கத்தி படறதுக்கு முன்னாலயே போயிடுச்சுன்னு ஊரு பேசுச்சு. ஊருக்கு அத சொன்னதும் நான்தான்.

ரெண்டு நாள் கழிச்சு மைக்க போட்டு நான் பேசி பாத்தேன். அதே பொரியல். வாய மூடிக்கிட்டு கேட்டேன். யாருமே பேசாத ரூம்லயும் பொரிஞ்சுது. அப்ப தெரிஞ்சு போச்சு மச்சான். ஆப்ரேசனுக்கு இன்னும் ஒம்பது நாள் இருந்துச்சு. அடுத்த லயத்து வரிசையிலதான் உன் வீடு. நடந்தா ஒரு சுருட்டு தூரம் கூட இல்ல. ஏன் வரல நான்?

கடைக்கு தூக்கிக்கிட்டு ஓடினேன். தவுக்கே வலைய கழட்டினான். அந்த தங்க தகடு மேல சந்தனம் காஞ்சு ஒட்டியிருந்துச்சு, திருநீறு ஈரத்துல கட்டியா நின்னுச்சு. என்ன நிமுந்து பாத்தான். "செம்பாயாங் கா?"ன்னு கேட்டான், சாமி கும்பிட்டியான்னு. அவன் திட்டியிருக்கலாம். தொடச்சா கிழிஞ்சிடும், வேற தகடு வெளிநாட்டுலேருந்து வர மாசமாகும்னான்.

அந்த பென்சில் மைக்கு அங்கயேதான் இருந்துச்சு. ஒல்லியா இருந்தாலும் உன் கொரலு. எடுத்துட்டு வந்திருந்தா, ஏன்டா வேற மைக்குன்னு கேப்பே. மைக் செட் தங்கராசு மைக்க கெடுத்துட்டான்னு சொல்லணும். நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன். கட்டில் காலியாச்சுன்னு ஆஸ்பத்திரியில உன்ன நாலு நாள் முன்னாலயே கூப்பிட்டுட்டாங்க.

ஆப்ரேசன் முடிஞ்சு நான் வந்தப்ப, நோட்டுல எழுதி காட்டினே. 'கெட்டு போன கொரல்தானே போச்சு, விடு'ன்னு. படிச்சேன். தலைய ஆட்டினேன். ஆரஞ்சு உரிச்சு குடுத்தேன், முழுங்க முடியாதுன்னு கூட மறந்துட்டேன். அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம் இல்ல? அதுக்கப்புறமும் எத்தன நாள் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

மச்சான், கேளு. ஊரும் கேக்கட்டும். உன் கொரலுக்கு ஒண்ணும் ஆவல. கெட்டது மைக்கு, கெடுத்தது நான். கடையில ஹெட்போன்ல நான் கேட்ட அந்த 'ஆராரோ'தான் நெசம். அத கேட்டது நான் ஒருத்தன்தான், இப்ப நானும் சொல்லலன்னா அதுவும் இல்லாம போயிடும்.

மல்லிகாவுக்கு பையன், பத்து மாசம் ஆகுது, உன் நெத்தி அவனுக்கு. ரேடியோவ போட்டுத்தான் தூங்க வைக்கிறா. பார்வதிக்கு உன் தாலாட்டு முழுசா தெரியும், ஆனா பாட மாட்டேங்கிறா. "அவரே வேணாம்னு அழிச்ச பாட்டுண்ணே, அத நான் எடுக்கலாமா?"ன்னு கேக்கறா. நான் வாய மூடிக்கிட்டு நிக்கிறேன், ஒரு வருஷமா.

இன்னைக்கு சொல்லிடுறேன் மச்சான். உன் படத்துக்கு முன்னால, பார்வதிகிட்ட, மல்லிகா இருக்கும்போதே. துப்பினாலும் சரி, வீட்டுப்படி ஏறாதேன்னாலும் சரி, அந்த பாட்டு அவளுதுன்னு...

"அண்ணே! எலை போட்டாச்சு, சூடம் கொளுத்தணும், வாண்ணே!"

இந்தா, அவதான் கூப்பிடுறா. வர்றேன் மச்சான், சத்தியம், சூடம் அணையறதுக்குள்ள அவ கைய புடிச்சு...

உன் மச்சான்,
பார்வதிக்கு அண்ணன்,
தங்கராசு