தொப்பையனின் பல்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே சுல்ஃபத் இத்தா, தெருவுக்கே அக்கா, மாடிப்படி ஏறி வந்தார். கீழே அவருடைய வாசனை எண்ணெய்க் கடை. என் மீன்தொட்டியின் உப்புத்தண்ணீர் பலகைத் தரை வழியே கசிந்து அவர் அலமாரியில் சொட்டியிருக்கிறது.

"மதுவந்தி மோளே, ஒத்த மீனுக்காகக் கடலையே தூக்கி என் தலைமேல வெச்சிருக்கியே! அதை எங்கயாவது கொண்டு போய்க் கொடு. இல்லாட்டி வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவேன்."

நியாயம்தான். கசிவை அடைத்துவிட்டேன். ஆனால் தொப்பையனை யாரிடம் கொடுப்பேன்? இடப்பள்ளிக் கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கிய, பயந்தால் பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீன். இப்போது முழங்கை நீளம். இவ்வளவு பெரிதை யார் வாங்குவார்கள்?

ஜூன் 12, வியாழன்

இறாலை வாயில் வாங்கித் துப்பிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் சாப்பிடவில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் புரிந்தது — பல். பேத்தைக்குக் கிளிமூக்கு மாதிரிப் பல், வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு கடித்தால்தான் தேயும். நானோ உரித்த இறாலாகவே போட்டிருக்கிறேன். வெட்டிவிட வேண்டுமாம், நெட்டில் போட்டிருக்கிறது. கால்நடை மருத்துவர், நாயும் பூனையும்தான் பார்ப்பாராம். மீன் கடையில், "விட்டுடுங்க, வேற குட்டி தர்றேன்" என்றார்கள். வேற குட்டியா? இது என்ன, செருப்பா?

ஜூன் 18, புதன்

பல்லை நானேதான் வெட்ட வேண்டும். மீனுக்கு மயக்கம் கொடுக்கக் கிராம்பு எண்ணெய் வேண்டும். வாசனைச் சரக்குக் கடைகளாகவே இருக்கும் இந்தத் தெருவில் அதற்கா பஞ்சம்? இருந்தும் இத்தா கடைக்கே போனேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் சொன்னேன்.

"அளவு கூடிப்போனா?"

"எழுந்திரிக்காது இத்தா."

கிராம்பு எண்ணெய்க் குப்பியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "ஒத்தைக்கு எப்படிச் செய்வே? நாளைக்குக் கடை திறக்கறதுக்கு முன்னாடி வர்றேன்."

ஜூன் 19, வியாழன்

தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து, எண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டேன். தொப்பையன் மெல்லச் சாய்ந்தது. இத்தா ஈரத்துணியால் அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டார். நகவெட்டியை இரண்டு முறை அதன் வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்தேன். "பயப்படாதே மோளே, நான் பிடிச்சிருக்கேன்ல." பல்லின் நுனியை நறுக்கினேன்.

எண்ணெய் கலக்காத உப்புத்தண்ணீரில் விட்டோம். அசையவில்லை. செத்துப்போச்சா? நான்தான் கொன்னுட்டேனா? இத்தா கையை விட்டு அதை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார், கடை திறக்க வேண்டியதையும் மறந்து. பிறகு செவுள் அசைந்தது. ஒரு கண் உருண்டு எங்களைப் பார்த்தது.

"அல்லாஹ்! இது மனுசக் கண்ணு மாதிரியில்ல இருக்கு!"

ஜூலை 6, ஞாயிறு

தொட்டி கீழே இறங்கிவிட்டது. கடையின் பின்னறையில், கல்தரையில். யோசனை இத்தாவுடையது. "என் தலைக்கு மேலதானே வேண்டாம்னேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இத்தா மகளைப் பார்க்கப் பாலக்காடு போயிருக்கிறார். கடைச் சாவி என்னிடம். தொப்பையனுக்கு ஓட்டோடு கல்லுமக்காய்ச் சிப்பி வாங்கி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க், எனக்குச் சாயா. தரையில் உட்கார்ந்து குடித்தேன். தொட்டிக்குள் ஓடு உடைகிற சத்தம், நறுக் நறுக்கென்று. இத்தாவுக்குப் போன் போட்டு, போனைத் தொட்டிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தேன்.

"கேட்குது மோளே, கேட்குது" என்றார்.