நாலு அங்குலம்

ஆகஸ்ட் 30, செவ்வாய்

கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவி ஓபர்மையர் அம்மாவிடமிருந்து கடிதம். அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் சங்கிலி பிடிக்கும் எல்லோரும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டுமாம். முப்பத்தொரு வருஷமாகப் பிடிக்கிறேன். எனக்கு வகுப்பு!

பதில் எழுதிப் போட்டேன். “அம்மணி, நாலு முயற்சிக்குள் பந்து பத்து கெஜம் நகர வேண்டும்; இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. அந்தப் பத்து கெஜம்தான் எங்கள் சங்கிலி; முன்னும் பின்னும் ஒரு கம்பம். சங்கிலி கடக்கும் வெள்ளைக் கோட்டின் பின் ஓரத்துக்கு நேரே சங்கிலியில் கிளிப் மாட்டுவோம். சந்தேகம் வந்து நடுவர் அழைத்தால், சங்கிலியை மைதானத்துக்குள் கொண்டுபோய்க் கிளிப்பை அதே கோட்டின் அதே ஓரத்தில் வைத்து அளப்போம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விதிப் புத்தகத்தை நானே படித்தேன். வர மாட்டேன். – வெர்ன் க்ரூகர்.”

செப்டம்பர் 2, வெள்ளி

பதில் வந்தது. “இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.” அப்பாடா.

ஆனால் கிளிப்காரன் மெர்லுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. அவனுக்குப் பதிலாகத் தபால் நிலையத்து டெப் லின்ட்குவிஸ்ட். புது ஆள் கையில் கிளிப்பா? அவளை என் முன்கம்பத்துக்கு அனுப்பிவிட்டு, கிளிப்பை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

செப்டம்பர் 17, சனி

கோல்வின் கல்லூரியை 24–20க்கு ஜெயித்தோம்! மூன்று நிமிடம் இருக்கும்போது பின்தங்கியிருந்தோம். நாலாவது முயற்சி. நடுவர் சங்கிலியைக் கேட்டார். ஆறாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள். பந்தின் மூக்கு கம்பத்தை இரண்டு அங்குலம் தாண்டியிருந்தது. அடுத்த முயற்சியிலேயே நம் பையன்கள் எதிரணி எல்லைக்குள் புகுந்துவிட்டார்கள்.

இடது முட்டிதான் வலிக்கிறது. நேற்று ஏணியில் இடித்துக்கொண்டது.

செப்டம்பர் 18, ஞாயிறு

காலையில் மெர்ல் போன் செய்தான். நேற்று ஊன்றுகோலோடு கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்தானாம்.

“டேய் வெர்ன், கிளிப்பை எந்த ஓரத்துல மாட்டின?”

“பின் ஓரத்துல. வேற எங்க மாட்டுவாங்க?”

“வச்சது பின் ஓரத்துல. மாட்டினது முன் ஓரத்துல. நான் பாத்தேன்டா.”

“இடுப்புக்குப் போட்ட மருந்து கண்ணுக்கு ஏறிடுச்சு உனக்கு. போனை வை.”

கோட்டின் அகலம் நாலு அங்குலம். அவன் சொல்வது சரியென்றால் கம்பம் நாலு அங்குலம் பின்னால் வந்திருக்கும். நம் பையன்கள் தாண்டியது இரண்டு. அப்படியானால் – இல்லை. மெர்லுக்குப் பொறாமை.

செப்டம்பர் 19, திங்கள்

லோயிஸ் துணி துவைக்கும்போது கால்சட்டையைத் தூக்கிக் காட்டினாள். “போன வாரம் இடது முட்டிதானே புல்லு பட்டுப் பச்சையா இருந்துச்சு? இப்ப என்ன வலது?”

கொட்டகைக்குப் போய், தரையில் இரண்டு கயிறு நீட்டி, கோடு மாதிரி வைத்து மண்டியிட்டுப் பார்த்தேன். இடது முட்டி போட்டால் கை பின் ஓரத்துக்குப் போகிறது. வலது போட்டால் உடம்பு திரும்பிவிடுகிறது. கை முன் ஓரத்துக்குத்தான் போகிறது. ஏழு தடவை செய்தேன். ஏழு தடவையும் முன் ஓரம். மைதானத்துக்குள் அளந்தபோது மட்டும் மண்டியிடாமல் குனிந்து வைத்தேன், அது பின் ஓரம்.

மெர்ல் பார்த்தது சரி.

செப்டம்பர் 24, சனி

வெளியூர் ஆட்டம். ஜெயித்தார்களாம். ரேடியோவைப் போடவில்லை.

சொன்னால் அந்த அம்மா என்ன செய்வாள்? சங்கிலியைப் பிடுங்குவாள். வகுப்புக்கு வராத கிழவன் என்று சிரிப்பாள். சொல்லாவிட்டால்? மெர்ல் வாயைத் திறக்க மாட்டான். அதுதான் இன்னும் மோசம்.

செப்டம்பர் 27, செவ்வாய்

ஓபர்மையர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன்.

சிரிக்கவில்லை. “முடிஞ்ச ஆட்டம் முடிஞ்சதுதான், வெர்ன். ஸ்கோர் மாறாது. ஆனா வகுப்பு முடிக்கிற வரைக்கும் நீங்க சங்கிலியைத் தொடக்கூடாது.”

“சரி” என்றேன். இந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எழுபத்துமூன்று வயது ஆகியிருக்கிறது.

அங்கிருந்தே கோல்வின் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். அவருக்கும் தெரிய வேண்டும். அந்த மனுஷன் சிரிக்கிறான்! “பெரியவரே, அன்னிக்கு எங்க பசங்க மூணு தடவை பந்தைக் கீழ போட்டாங்க. அதுவும் உங்க சங்கிலியாலதானா? போய்ச் சாப்பிடுங்க.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். பத்து நாள் கழித்து இன்றுதான் பசித்தது.

அக்டோபர் 8, சனி

பார்வையாளர் வரிசையில் மெர்லோடு உட்கார்ந்தேன். டெப் கிளிப் மாட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் விரலால் பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுகிறாள்.

“நல்லா செய்றா இல்ல?” என்றான் மெர்ல்.

“பரவாயில்லை” என்றேன்.

அக்டோபர் 22, சனி

வகுப்பு முடிந்தது. சொல்லிக்கொடுத்தவன் ஒரு விதியைத் தப்பாகச் சொன்னான். பக்க எண்ணோடு எடுத்துக் காட்டினேன். திருத்திக்கொண்டான். மற்றபடி ஒரு கேள்வியில் எனக்கும் தப்பு. எந்தக் கேள்வி என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 12, சனி

கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. மறுபடி என் முன்கம்பம், கிளிப் டெப்பிடம். நானே சொன்னேன்.

17–20. ஒரு நிமிடம் மிச்சம். நாலாவது முயற்சி. நடுவர் எங்களைக் கூப்பிட்டார். டெப் மண்டியிட்டுக் கிளிப்பைக் கோட்டில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். “பின் ஓரம், வெர்ன்.” சங்கிலியை விறைக்க இழுத்துக் கம்பத்தை ஊன்றினேன்.

பந்தின் மூக்கு ஒரு கட்டைவிரல் அகலம் குறைவு. நம் ஊர்க்காரர்கள் வரிசையிலிருந்தே கூச்சல்.

“யோவ் பெரிசு, வீட்ல கண்ணாடியை விட்டுட்டு வந்தியா?”

“எந்த ஊர்க்காரன்யா நீ? கொஞ்சம் தளர்த்திப் பிடிச்சா என்ன?”

கத்தட்டும். கோப்பை போயிற்று. பையன்கள் அழுதார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓரத்துக்கு நடக்கும்போது தோளில் கனமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லோயிஸ் கால்சட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு முட்டியும் சுத்தம்.