ஈயம் பூசிய கம்பி

இன்று வெள்ளிக்கிழமை. அம்மா பரணில் கிடந்த செப்புக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஷிப்ட் முடிந்து நான் அப்போதுதான் உள்ளே நுழைந்தேன். பச்சைக் களிம்பு புளியோடு கரைந்து ஓடுகிற வாடை மூக்கில் ஏறியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன். ஏன் பேயறைந்த மாதிரி நிற்கிறாய் என்று கேட்டாள். நீ வந்து நின்றாய் என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

ஒரகடம் ஃபேக்டரியில் முதல் மாதம் முழுக்க நாம் பேசிக்கொள்ளவே இல்லை. காருக்குப் போகும் வயர்க் கட்டுகளை நீ பலகையில் விரித்துக் கட்டுவாய். அடுத்த மேசையில் நான் சோதித்துத் தள்ளுவேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்து பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் இருந்தவள் நீ. நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி, அப்பா கோயில் மடப்பள்ளியில் பாத்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அது தெரிந்ததும் எனக்குப் புளியோதரை என்று பேர் வைத்தாய். நான் உன்னைக் கருவாடு என்றேன். அதற்கப்புறம் நமக்குள் மரியாதை என்கிற பேச்சே இல்லை.

உன் அண்ணன் படகில் ஸ்டார்ட்டருக்கும் விளக்குக்கும் போகும் வயர் புகைந்து, நிறுத்திய எஞ்சின் மறுபடி எழும்பாமல், வேறொரு படகு அவரைக் கட்டி இழுத்து வந்த செய்தி உனக்கு கேன்டீனில்தான் வந்தது. 'தங்கச்சி' என்று அவர் ஆரம்பித்ததிலேயே உன் முகம் மாறிவிட்டது. போனை வைத்ததும் நீ அழவில்லை, திட்டினாய். மெக்கானிக் கார் வயரைப் போட்டுக் கொடுத்தானாம், கம்பி கம்பிதானே என்று இவரும் வாங்கிக்கொண்டாராம். இப்போதும் அதிலேயே ஒட்டுப் போட்டு ஓட்டப் போகிறாராம். டம்ளரை மேசையில் அடித்து வைத்ததில் டீ சிந்தியது.

நாம் கட்டுவதும் கார் வயர்தானே, அதற்கென்ன குறை என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம். காருக்குக் குறையில்லை, கடலுக்குத்தான் ஆகாது என்றாய். வெட்டிய முனை வழியாக உப்பு ஈரம் உள்ளே ஏறிவிடும். மேலே உறை புதுசு மாதிரியே இருக்கும். உள்ளே செம்பு பச்சையாகி, கறுத்து, சூடேறிக்கொண்டிருக்கும்.

"அப்போ ஈயம் பூசணும்" என்றேன். எங்கள் வீட்டில் வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். புளி பட்டால் களிம்பேறும் என்று மடப்பள்ளி அண்டாவுக்கெல்லாம் ஈயம் பூசித்தானே வைத்திருக்கிறோம்.

நீ என்னையே பார்த்தாய். "ஏட்டி, அதேதான். படகு வயருக்கு ஈயம் பூசியிருக்கும். நான் அண்ணன்ட்ட இங்கிலீசுல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்று சிரித்தாய். அன்றைக்கே போனில் நீ ஈயம் என்றதும் அண்ணனுக்கும் சட்டென்று பிடிபட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு வயர் வாங்கக் காசிமேட்டுக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துப் போட்டது கார் வயர்தான். "ரெண்டும் ஒண்ணுதாம்மா. இன்னா, கப்பலா வுடப் போறீங்க?" என்றார். நீ நகவெட்டியை எடுத்து முனையில் உறையை நறுக்கிக் காட்டி, சிவப்பா இருக்கே அண்ணே, வெள்ளையைக் கொண்டாங்க என்றாய். அவர் முனகிக்கொண்டே உள்ளே போனார். ஈயம் பூசிய முனைகள், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்கிற குழாய், தண்ணீர் புகாத ஃபியூஸ் பெட்டி என்று ஒன்றையும் நீ விடவில்லை. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும், தள்ளி வைத்தால் நடுவிலிருக்கிற வயருக்கு யார் காவல் என்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒரே பாடம். நான் தூங்கிவிட்டதாக நினைத்தாய். தூங்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் போய் நீயே படகில் கட்டுவதாக இருந்தாய். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஹாஸ்டல் கட்டிலுக்கடியில் அந்த வயர்ச் சுருள் பிரிக்காமல் கிடந்தது.

உன் ஊருக்கு உனக்கான பூசைக்கு வந்தபோது அதையும் எடுத்து வந்தேன். அண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கி, மாதா படத்துக்குக் கீழே உன் போட்டோ பக்கத்தில் வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். படகில் எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அது அவ வாங்குனதும்மா. கெடக்கட்டும். நான் தொட மாட்டேன்" என்றார். மறுநாள் அதே ஒட்டுப் போட்ட வயரோடு கடலுக்குப் போவதாக இருந்தார்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப்போன உன் மேலும்தான். துக்க வீடு என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன்: "போட்டோவுக்கா வாங்கினா? உங்களுக்குத்தான வாங்கினா. நாளைக்கு நடுக்கடல்ல பத்திக்கினா உங்க போட்டோவையும் இது பக்கத்துல மாட்டணுமா?"

உன் அம்மாதான் எழுந்துபோய்ச் சுருளை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

மறுநாள் படகு மணலிலேயே நின்றது. முதலில் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். பழைய வயரை உருவிப் போட்டதும் அண்ணன் ஒரு துண்டை நறுக்கிப் பார்த்தார். பச்சைகூட இல்லை, கரி. அதை விரலில் தேய்த்து உதிர்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் உன் சுருளைப் பிரித்தார். நான் முனைகளை அழுத்திக் கொடுக்க, அவர் கட்டினார். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ். உள்ளே கறுக்கிறதா என்று அவ்வப்போது நறுக்கிப் பார்ப்பதற்கென்றே உன் சுருளிலிருந்து எதிலும் சேராத ஒரு துண்டையும் எஞ்சின் பெட்டிக்குள் கட்டி வைத்தோம்.

உன் நகவெட்டி இப்போது என் சாவிக் கொத்தில் இருக்கிறது. உன் அம்மா கொடுத்தார். யாராவது ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டால் போதும், என் கை தானாக அதைத் தேடுகிறது. லைனில் எனக்குச் சண்டைக்காரி என்று பேராகிவிட்டது. எல்லாம் உன்னால்தான், கருவாடே.

குடத்தைக் கழுவி அம்மா கவிழ்த்து வைத்த பிறகும் மனசு கேட்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். கரையில் படகுப் பக்கத்தில்தான் இருந்தார். எஞ்சின் பெட்டிக்குள் கட்டி வைத்த அந்தத் துண்டைக் கொஞ்சம் நறுக்கிப் பாருங்களேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, போனை வைக்காமல் இருக்கச் சொன்னார். அலைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெள்ளையாத்தான் இருக்கு, தங்கச்சி" என்றார்.