துரைராஜுக்கு நூறு போட்ட வாரம்

6-6-98, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. தெரபி அறை ஃபேன் ரிப்பேர். மதியத்துக்குள் நான்கு பேரை டிஸ்சார்ஜுக்கு மதிப்பிட வேண்டும். தெரபிஸ்ட் நான் ஒரே ஆள்.

கடைசி ஆள் துரைராஜ், 44, ஆம்பூர். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரஸ் மெஷின். பக்கவாதம் வந்து ஆறு வாரம். இடது கை, கால் நன்றாகத் தேறிவிட்டன. படிவத்தில் பத்து வேலைகள், மொத்தம் நூறு மதிப்பெண்: சாப்பாடு, குளியல், சவரம், உடுத்துவது, கழிப்பறை, நடை, படி, இத்யாதி. நடையும் படியும் பார்த்தேன். மீதியை வாயால் கேட்டேன்.

"இதெல்லாம் நீங்களே செய்றீங்களா?"

"எல்லாம் நானேதான் மேடம்."

பக்கத்தில் மனைவி எஸ்தர். வேகமான தலையாட்டல். 100/100. என் தாளைப் பார்த்து டாக்டரும் 'வேலைக்குப் போகலாம்' என்று கையெழுத்து. புதன் காலை ஷிப்ட்டாம். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பாட்டுக்குழு ஒத்திகை. தொண்டை சரியில்லை. போகவில்லை.

8-6, திங்கள்

வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. பன், டீ.

வார்டு ஆயா லில்லி அக்கா படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே: "அந்த ஆம்பூர்காரர் சம்சாரம் பாவம் மேடம். அவரு சாப்புடறப்போ தட்டைத் திருப்பித் திருப்பி வெச்சிக்கினே இருப்பாங்க. ஷேவிங் கூட ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் இவங்க."

"எந்தப் பக்கம் இவங்க?"

"இந்தப் பக்கம்" என்று தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர். கண் தெரியும், கை அசையும். ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் உறைக்காது. இதைப் பரீட்சையில் எழுதித்தான் பாஸானேன். சனிக்கிழமை ஒரு தட்டு சோறு வைத்துப் பார்க்க நேரமில்லை எனக்கு.

இடக்கையால் வெட்டும் அச்சைத் தோல்மேல் வைத்து, வலக்கையால் பிரஸ்ஸை இறக்க வேண்டும். அவரே சொன்னது. உள்ளே தன் இடக்கை இருப்பதே ஞாபகத்தில் இல்லையென்றால்?

டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கே ஆம்பூர் போங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

9-6, செவ்வாய்

பஸ்ஸில் பள்ளிகொண்டா வரை நின்றபடி. ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாடை. விசாரித்து வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி.

துரைராஜ் வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு வரவேற்றார். எஸ்தர் முகத்தில் இரத்தமே இல்லை. எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரம். நானே பரிமாறினேன். வலப்பக்கம் சோறும் பொரியலும். இடப்பக்கம் சோறும் கறிக்குழம்பும். எஸ்தரின் கை தட்டை நோக்கி வந்தது.

"தொடாதீங்க" என்றேன்.

வலப்பாதியை மட்டும் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார். "இன்னா எஸ்தர், இன்னைக்கு சோறு இவ்ளோ கம்மி? குழம்பு வெக்கலியா?"

தட்டைத் திருப்பினேன். குழம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சோத்த வெச்சு டெஸ்ட் பண்றீங்களா மேடம்?"

எஸ்தர் உடைந்தாள். "ஆஸ்பத்திரில மொத நாள்லேர்ந்து இப்படித்தான். சொன்னா அவரு வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன். போகப்போக சரியாய்டும்னு நெனச்சேன்."

நூறு போட்டது என் தப்பு என்று சொன்னேன். மெஷினில் கை போய்விடும் என்றும் சொன்னேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"பத்தொம்பது வருஷம் அந்த மெஷின்ல நிக்கிறேன். நாளைக்குப் போவேன்."

கம்பெனி கேட்டில் சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும் என்றேன். ராணிப்பேட்டை போயிருக்கிறாராம். சீட்டு எழுதிக் கொடுத்தேன். காவலாளி அதை மடித்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொடுப்பாரா?

10-6, புதன்

ஏழரையிலிருந்து ஆபீஸ் போன் பக்கத்திலேயே. கம்பெனி லைன் எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. 8.10க்கு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நோயாளிகள் காத்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் பயிற்சி.

பத்தே முக்காலுக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார். சீட்டு அவருக்கு அப்போதுதான் கிடைத்ததாம்.

"துரைராஜ் வந்தாரா?"

"வந்தாரு மேடம். ஏப்ரன் கட்டிக்கினு மெஷின் கிட்ட நின்னாரு. ரொம்ப நேரம் ஸ்விட்ச்சே போடல. என்னைக் கூப்ட்டு, 'டேபிள் மேல எத்தினி அச்சு இருக்கு, சொல்லுங்க'ன்னாரு. ஏழுன்னேன். 'நான் எண்ணினா நாலுதான் வருது'ன்னாரு. ஏப்ரனை அவுத்து என் கைல குடுத்துட்டு வெளிய போய்ட்டாரு."

"கை?"

"கைக்கு ஒண்ணும் ஆவல மேடம்."

போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு முகம் கழுவி, பொத்தான் பயிற்சி.

12-6, வெள்ளி

லேசான தூறல். காஸ் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு துரைராஜும் எஸ்தரும். கம்பெனியில் மூன்று மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிரஸ்ஸா, வேறு வேலையா, தெரியாது. என்னாலும் சொல்ல முடியவில்லை.

எஸ்தரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். இடது ஸ்லீவ் தொங்கியது. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். சவரம் பாதி. சாப்பாடு 10க்கு 5, சவரம் 5க்கு 0, உடுத்துவது 10க்கு 5, நடை 15க்கு 10. மற்றதெல்லாம் முழு மதிப்பெண். மொத்தம் 80.

"குடுங்க, பாக்கறேன்" என்று தாளை வாங்கினார். நெற்றி சுருங்கியது.

"வெறும் நம்பரா எழுதியிருக்கீங்க. எது எதுக்குன்னு பேர் போடலியே?"

தாளை அவர் கையிலேயே விட்டேன். அவர் கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம். தாளின் இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"சாப்பாடு" என்று படித்தார். "குளியல். சவரம்..."