குடும்ப ஜெபத்தில் சாமுவேல்

12-8-1977, வெள்ளி இரவு
ரூவி

இன்று எங்கள் வீட்டில் வேதபாடம். பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியாவுக்கும் புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகமான மத்தேயுவுக்கும் நடுவிலிருந்த காலத்தைப் பற்றி இவர்தான் பேசினார். தீர்க்கதரிசிகள் வராத காலமாம். யூதர்கள் கடவுளின் பெயரை உச்சரிக்கவே அஞ்சினார்களாம். மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்ற நம்பிக்கை அப்போதுதான் பலப்பட்டதாம். நான் சமோசா தட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஆர்.சி., கத்தோலிக்க சபை. அவர்கள் கேட்டார்கள்: "அண்ணாச்சி, அந்தக் காலத்துல செத்தவங்களுக்காகவும் வேண்டிக்கிட்டாங்கல்லா? எங்க பைபிள்ல மக்கபே புஸ்தகத்துல இருக்கே."

"அந்தப் புஸ்தகம் நம்ம வேதத்துல கிடையாதும்மா. மரிச்சவங்களுக்காக நாம ஜெபிக்கிறதில்ல" என்று இவர் பேச்சை முடித்துவிட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார்கள். எங்கள் மகனை இந்த அரபு ஊர் மண்ணில் அடக்கம்பண்ணி மூன்று மாதம்தான் ஆகிறது. ஒரு புத்தகம் குறைந்ததற்காக என் பிள்ளையின் பெயரும் குறைய வேண்டுமா? டீ எடுத்துவரப் போய்விட்டேன்.

அடக்கம்பண்ணிய நாளிலிருந்து குடும்ப ஜெபத்தில் இவர் மகள் கிரேஸின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்.

இன்றும் முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, கிரேஸை ஆசீர்வதியும், சாமுவேலையும்..."

பழைய பழக்கத்தில் இவர் வாய் சொல்லிவிட்டது. திகைத்து நிறுத்தினார். திருத்திச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து நான் சத்தமாக "ஆமென்" என்றேன். கிரேஸும் சொன்னாள்.

அவள் தூங்கிவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவர் இன்னும் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை.